டோலோ கேட்டால் டோலோர்மின் வரும்: வெளிநாட்டு மருந்துக் கடை பற்றி ஓர் எளிய விளக்கம்

ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, இரவு ஒன்பது மணி. அக்கா வீட்டுக்கு வந்து இறங்கிய நான்காம் நாளே அம்மாவுக்குக் காய்ச்சல். திருச்சியில் என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை மெடிக்கலுக்குப் போய், “அண்ணே, நாலு டோலோ” என்று கேட்டால் போதும். கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

ஜெர்மனியில் ஞாயிறன்று மருந்துக் கடைகள் மூடியிருக்கும். முறை வைத்து இரவுப் பணி பார்க்கும் கடை ஒன்றைக் கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்துப் போனேன். அதன் கதவும் பூட்டித்தான் இருந்தது. மணியை அழுத்தியதும் கதவின் நடுவில் தபால்பெட்டியின் வாய் அளவுக்கு ஒரு சிறு ஜன்னல் திறந்தது. உள்ளே வெள்ளைக் கோட்டு அணிந்த ஒரு பெண்மணி. “டோலோ” என்றேன். “டோலோர்மின்?” என்று திருப்பிக் கேட்டார். பெயர் ஏறக்குறைய ஒத்துப்போகிறதே என்று தலையாட்டினேன். பெட்டியும் வந்துவிட்டது.

பணத்தை நீட்டும்போதுதான் அவர் கேள்விகளை ஆரம்பித்தார். யாருக்கு? வயது என்ன? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? அறுபத்தெட்டு வயது, ரத்தக் கொதிப்புக்கு தினமும் மாத்திரை என்று சொல்லி, கைப்பேசியில் அக்கா அனுப்பியிருந்த அட்டையின் படத்தைக் காட்டினேன். படத்தைப் பார்த்தவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உள்ளே போய் வேறொரு பெட்டியோடு வந்தார். இரவுப் பணிக் கட்டணம் இரண்டரை யூரோ தனி.

நம் டோலோவில் இருப்பது பாராசிட்டமால். அன்று எனக்கு முதலில் வந்த டோலோர்மினில் இருந்தது ஐபுப்ரோஃபென். இரண்டும் வேறு வேறு மருந்துகள். இரண்டு பெயருக்கும் பின்னால் நிற்பது ‘வலி’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லான ‘டோலோர்’. அதனால்தான் ஊருக்கு ஊர் ஒரு ‘டோலோ’ பிறந்துகொண்டே இருக்கிறது.

வருடக் கணக்கில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தவன் நான். அந்த மாத்திரையின் உண்மைப் பெயரை அன்றுவரை ஒருமுறைகூடச் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் விமானம் ஏறும் காலம். ‘காய்ச்சல் மாத்திரைதானே, எங்கேயும் கிடைக்கும்’ என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். கிடைக்கும்தான். எது கிடைக்கிறது என்பதில்தான் சிக்கல்.

ஜாடி ஒன்று, வைக்கும் இடம் வேறு

மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் வாங்கக்கூடிய மருந்துகளை உலகமெங்கும் ‘ஓவர் தி கவுன்டர்’ மருந்துகள் என்கிறார்கள். சீட்டில்லா மருந்து என்று வைத்துக்கொள்வோம். இந்தச் சொல்லை நாம் இரண்டு விதமாகத் தவறாகப் புரிந்துகொள்கிறோம். சீட்டு கேட்கவில்லை என்றால் ஆபத்தில்லாத மருந்து என்று நினைப்பது முதல் தவறு. ஓரிடத்தில் சீட்டில்லாமல் கிடைப்பது எல்லா இடத்திலும் அப்படியே கிடைக்கும் என்று நினைப்பது இரண்டாவது.

ஊறுகாய் ஜாடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் அது சாப்பாட்டு மேசை மேலேயே இருக்கும். அடுத்த வீட்டில் குழந்தைகள் உள்ளே கையை விட்டுவிடுவார்கள் என்று மேல் தட்டில் இருக்கும். தாத்தாவுக்கு ரத்தக் கொதிப்பு உள்ள வீட்டில் பாட்டியின் அலமாரிக்குள் பூட்டியிருக்கும். மூன்று வீட்டிலும் ஊறுகாய் ஒன்றுதான், உப்பும் காரமும் ஒன்றுதான். வைக்கும் இடத்தை முடிவு செய்தது அந்தந்த வீட்டின் அனுபவமும் பயமும்.

மருந்துக்கும் அப்படித்தான். சீட்டு வேண்டுமா வேண்டாமா என்பது மருந்தோடு பிறந்த குணமல்ல. ஒரு நாடு தன் மக்களின் பழக்கம், பழைய விபத்துகள், கடைகளின் அமைப்பு ஆகியவற்றைப் பார்த்து எடுக்கும் முடிவு அது.

பிரிட்டனில் மூன்று தட்டுகள் உண்டு. பலசரக்குக் கடையிலேயே கிடைப்பவை, மருந்தாளுநர் இருக்கும் கடையில் மட்டும் கிடைப்பவை, சீட்டு இருந்தால் மட்டுமே கிடைப்பவை. ஜெர்மனியிலும் மூன்றுதான். ஆனால் அங்கே சாதாரணப் பாராசிட்டமால்கூட நடுத்தட்டில் இருக்கிறது. சோப்பும் ஷாம்பூவும் வைட்டமினும் விற்கும் பெரிய அங்காடியில் எத்தனை வரிசை தேடினாலும் அலமாரியில் அது அகப்படாது. வாசலில் சிவப்பு நிறத்தில் பெரிய ‘ஏ’ எழுத்து தொங்கும் மருந்துக் கடைக்குத்தான் போக வேண்டும். அமெரிக்காவில் 1951ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திலிருந்து அடிப்படையில் இரண்டே வகை: சீட்டு வேண்டும், சீட்டு வேண்டாம். ஜப்பானில் சீட்டில்லா மருந்துக்குள்ளேயே பல படிகள் உண்டு. மேல்படி மருந்தை மருந்தாளுநர் விளக்கிவிட்டுத்தான் கொடுப்பார். அவர் இல்லாத நேரத்தில் அந்த மருந்து கண்ணாடிக்குப் பின்னால் தெரிந்தாலும் கைக்கு வராது.

இந்தியாவில்? நம் சட்டத்தில் சீட்டில்லா மருந்து என்று தனியாக வரையறுத்த வகையே இல்லை. ‘எச்’, ‘எச்1’, ‘எக்ஸ்’ என்ற அட்டவணைகளில் உள்ள மருந்துகளுக்குச் சீட்டு வேண்டும் என்பது விதி. அவற்றில் இல்லாதவை தாமாகவே சீட்டில்லா மருந்தாகிவிடுகின்றன. விதி அப்படி, வழக்கம் வேறு. எச் அட்டவணையில் உள்ள ஆன்டிபயாட்டிக்கையும் பெயர் சொல்லி வாங்கிப் பழகியவர்கள் நாம். வெளிநாட்டு மருந்துக் கடையில் நமக்கு வரும் கோபத்தில் பாதி இந்தப் பழக்கத்திலிருந்து வருவது. ‘தொண்டை வலிக்கு ஒரு அமாக்ஸிசிலின் தர மாட்டேன் என்கிறான், என்ன நாடு இது’ என்று அலுத்துக்கொள்ளும் சித்தப்பாவை உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அலமாரி எவ்வளவு மாறும் என்பதற்கு மெட்டமிசோல் நல்ல எடுத்துக்காட்டு. வலிக்கும் காய்ச்சலுக்கும் கேட்கும் பழைய மருந்து. பிரேசிலில் சீட்டில்லாமல் வீட்டுக்கு வீடு இருக்கும். ஜெர்மனியில் மருத்துவர்கள் தாராளமாக எழுதுவார்கள், ஆனால் சீட்டு கட்டாயம். அமெரிக்காவில் 1977இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. பிரிட்டனில் விற்பனையில் இல்லை. மிக அரிதாகச் சிலருக்கு இந்த மருந்து ரத்தத்தின் வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். எல்லா நாடுகளும் படித்தது இந்த ஒரே செய்தியைத்தான், எடுத்த முடிவுகள்தாம் நான்கு.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: சீட்டில்லாமல் கிடைப்பது மருந்தின் நற்சான்று அல்ல, அந்த நாட்டின் ஏற்பாடு. எல்லையைத் தாண்டினால் ஏற்பாடு மாறும்.

பதினாறா, இருபதா, ஐந்நூறா?

லண்டனில் ஒருமுறை குடும்பத்தோடு போயிருந்தபோது எல்லோருக்கும் சளி. பல்பொருள் அங்காடியில் பாராசிட்டமால் பெட்டி மலிவாக இருந்தது. மூன்று எடுத்துக்கொண்டு, நாமே பொருளைக் காட்டிப் பணம் கட்டும் இயந்திரத்தின் முன் நின்றேன். மூன்றாவது பெட்டியைக் காட்டியதும் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு. ஓடி வந்த பணியாளர் அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, “இரண்டுதான்” என்றார். திருடனைப் போல நின்றேன்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. பிரிட்டனில் 1998 முதல் சாதாரணக் கடைகளில் ஒரு பெட்டிக்குப் பதினாறு மாத்திரைதான், மருந்துக் கடையில் முப்பத்திரண்டு. இரண்டு பெட்டிக்கு மேல் கடைகள் கொடுப்பதில்லை. மனம் உடைந்த ஒரு நொடியில் கைக்கெட்டும் தூரத்தில் நிறைய மாத்திரை இருந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த கட்டுப்பாடு அது. ஜெர்மனியில் 2009 முதல் ஒரு பெட்டியில் மொத்தம் பத்து கிராம் பாராசிட்டமாலுக்கு மேல் இருந்தால் சீட்டு வேண்டும். அதாவது ஐந்நூறு மில்லிகிராம் மாத்திரை இருபது. சுவீடனில் 2015இல் பலசரக்குக் கடைகளிலிருந்து பாராசிட்டமால் மாத்திரையையே எடுத்துவிட்டார்கள். பிரான்சில் 2020 முதல் அது கடைக்காரருக்குப் பின்னால் இருக்கிறது, கேட்டால்தான் வரும். அமெரிக்காவில் இதே மாத்திரை ஐந்நூறு கொண்ட குப்பியாக, பிஸ்கட் வரிசைக்கு அருகில் நிற்கும்.

மூக்கடைப்பு மருந்தின் கதை இன்னும் வேடிக்கை. சூடோஎஃபெட்ரின் என்ற பொருள் மூக்கின் உள்ளே வீங்கிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி மூச்சுக்கு வழி விடும். அதே பொருளைக் கொண்டு மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளைச் சமைத்துவிடலாம். அதனால் அமெரிக்காவில் 2006இல் அதைக் கடைக்காரருக்குப் பின்னால் தள்ளினார்கள். சீட்டு வேண்டாம், ஆனால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வெளி அலமாரியில் அதன் இடத்தை ஃபினைல்எஃப்ரின் மாத்திரைகள் பிடித்தன. வாயால் விழுங்கும் ஃபினைல்எஃப்ரின் மூக்கடைப்புக்குப் பயன்படவில்லை என்று 2023இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் நிபுணர் குழு கூறியது. அடுத்த ஆண்டு அதைப் பட்டியலிலிருந்து நீக்கலாம் என்று நிர்வாகமே முன்மொழிந்தது. கேட்காமல் கையில் கிடைப்பது வேலை செய்யாதது, வேலை செய்வது கேட்டால்தான் கிடைக்கும்! அலமாரியில் முன்வரிசையில் நிற்பதால் ஒரு மருந்து சிறந்ததாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்கு அகப்படவில்லை.

செல்லப் பெயரும் பதிவேட்டுப் பெயரும்

நம் வீடுகளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். வீட்டில் அம்பி, பள்ளிப் பதிவேட்டில் வேங்கடசுப்பிரமணியன். ஊரில் நாலு வீட்டில் அம்பி உண்டு. ‘அம்பியைக் கூப்பிடு’ என்றால் எந்த அம்பி என்று அந்தத் தெருக்காரருக்குத்தான் தெரியும். வெளியூரிலிருந்து தேடி வருபவர் பதிவேட்டுப் பெயரைத்தான் கேட்க வேண்டும்.

மருந்தின் செல்லப் பெயர் வணிகப் பெயர்: நிறுவனம் பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிடுவது. பதிவேட்டுப் பெயர் பொதுப்பெயர்: உள்ளே வேலை செய்கிற வேதிப்பொருளின் பெயர். அந்த வேதிப்பொருளை உட்பொருள் என்று சொல்வோம். மாத்திரையின் மற்றப் பகுதியெல்லாம் மாவும் நிறமும் பூச்சும்தான்.

பாராசிட்டமாலுக்குச் செல்லப் பெயர்கள் எத்தனை! நமக்கு டோலோ, குரோசின், கால்பால். இலங்கையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் பனடால். பிரான்சில் டோலிப்ரான். இத்தாலியில் டாக்கிபிரினா. அமெரிக்காவில் டைலனால். எல்லாம் ஒரே ஆள்.

எதிர்ப்புறம் பாருங்கள், ஒரே பெயரில் பல ஆட்கள். பெனட்ரில் என்றால் நமக்கு இருமல் மருந்துக் குப்பி. அமெரிக்காவில் பெனட்ரில் மாத்திரை என்பது டைஃபென்ஹைட்ரமின், ஒவ்வாமைக்கானது, நன்றாகத் தூங்க வைத்துவிடும். பிரிட்டனில் பெனட்ரில் என்ற பெயரில் ஒரு பெட்டியில் அக்ரிவாஸ்டினும் இன்னொரு பெட்டியில் செட்டிரிசினும் இருக்கும். இவை அந்த அளவு தூக்கம் தருபவை அல்ல. வாடகைக் காரை ஓட்டிக்கொண்டு போகும் பயணிக்கு இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. ஒரே நாட்டுக்குள்ளும் ஆள் மாறாட்டம் நடக்கும். அமெரிக்காவில் வயிற்றெரிச்சலுக்கு விற்ற ஜான்டாக்கில் முன்பு ரானிடிடின் இருந்தது. 2020இல் ரானிடிடினைச் சந்தையிலிருந்து அகற்றச் சொன்ன பிறகு, அதே பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்து வந்த புதிய பெட்டியில் ஃபாமோட்டிடின் இருக்கிறது.

பொதுப்பெயரை நாட்டுக்கு நாடு மாற்றிவைக்கக் கூடாது என்பதற்காக உலக சுகாதார அமைப்பு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. 1950இல் முடிவெடுத்து, 1953இல் முதல் பட்டியலை வெளியிட்டது. அதனால்தான் ஐபுப்ரோஃபென், லோபெரமைட், செட்டிரிசின் போன்றவை எழுத்துக்கூட்டலில் சிறு மாற்றத்தோடு பெரும்பாலான நாடுகளில் அதே பெயரில் இருக்கின்றன. வம்பு பண்ணும் விதிவிலக்குகளும் உண்டு. பாராசிட்டமாலுக்கே அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பதிவேட்டில் அசெட்டமினோஃபென் என்று பெயர். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் ஆதாரில் ஒரு மாதிரியும் பெயர் உள்ளவர்களைப் போல. இரண்டு பெயரும் ஒரே நீண்ட வேதியியல் பெயரை இரண்டு இடத்தில் வெட்டி ஒட்டியதால் வந்தவை. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சால்பியூட்டமாலை அமெரிக்காவில் ஆல்பியூட்டரால் என்பார்கள். இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொண்டால் பெரும்பாலான பயணிகளுக்குப் போதும்.

பெட்டியில் எங்கே பார்ப்பது? ஐரோப்பியப் பெட்டிகளில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உட்பொருளும் மில்லிகிராமும் இருக்கும். ஜெர்மன் பெட்டியில் ‘விர்க்‌ஷ்டோஃப்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் உட்பொருள். அமெரிக்கப் பெட்டியின் பின்புறத்தில் ‘டிரக் ஃபேக்ட்ஸ்’ என்ற தலைப்பில் கறுப்புக் கோடு போட்ட கட்டம் இருக்கும், அதன் முதல் வரியே உட்பொருள்தான். என்னைக் கேட்டால் மருந்துப் பெட்டிகளிலேயே பயணிக்கு மிகவும் உதவுவது இந்தக் கட்டம்தான். நம் ஊர் அட்டையில் வெள்ளி மின்னும் தாளில் பொடி எழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆக, கடையில் கேட்க வேண்டியது வணிகப் பெயரை அல்ல, உட்பொருளின் பெயரையும் மில்லிகிராமையும்.

சாம்பார்ப் பொடியில் மிளகாய் ஏற்கெனவே இருக்கிறது

புதிதாகச் சமைப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. சாம்பார்ப் பொடியையும் போடுவார்கள், மிளகாய்த் தூளையும் தனியாகப் போடுவார்கள். பொடிக்குள்ளேயே மிளகாய் அரைத்திருக்கிறது என்பது நாக்கில் வைத்த பிறகுதான் தெரியும்.

சளி, ஃப்ளூ, ‘இரவு நேர’ மருந்து என்று விற்பவை பெரும்பாலும் சாம்பார்ப் பொடிகள். காய்ச்சலுக்கு ஒன்று, மூக்கடைப்புக்கு ஒன்று, இருமலுக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று எனப் பல உட்பொருள்களைச் சேர்த்தவை. இவற்றைக் கூட்டு மருந்து என்பார்கள். பிரிட்டனில் வெந்நீரில் கலக்கிக் குடிக்கும் எலுமிச்சை வாசனைப் பொடி பார்க்கச் சுக்குக் காப்பி போலச் சாதுவாக இருக்கும். அதன் வலுவான வகையில் ஒரு பொட்டலத்துக்கு ஆயிரம் மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கிறது. அதைக் குடித்துவிட்டு, உடம்பு வலிக்கிறதே என்று மேலே இரண்டு மாத்திரையும் போட்டால் ஒரே வேளையில் இரண்டாயிரம் ஆகிவிடும்.

அதனால் என்ன? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பந்தி முடிந்ததும் இலை எடுக்க நாலு பேர் வருவார்கள். நேரம் விட்டுப் பந்தி நடந்தால் இடம் சுத்தமாகிவிடும். ஒரு பந்தி எழுவதற்குள் அடுத்ததை உட்கார வைத்தால் எச்சில் இலை தேங்கும். பாராசிட்டமாலை அப்புறப்படுத்துவது கல்லீரல். அந்த வேலையில் சிறு அளவு நச்சுக் கழிவு உண்டாகும். அந்தக் கழிவை எடுப்பதற்கென்று குளூட்டாதையோன் என்ற பொருள் கல்லீரலில் இருக்கிறது. அளவோடு சாப்பிட்டால் அது சமாளித்துவிடும். அளவு மீறினால் கையிருப்பு தீர்ந்து, கழிவு கல்லீரல் செல்களையே அரிக்கும். தொடக்கத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கெட்ட விஷயம். அளவு மீறிவிட்டதாகச் சந்தேகம் வந்தால், உடம்பு நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் நான்கு கிராம் என்பது பிரிட்டன் உட்படப் பல நாடுகள் வைத்திருக்கும் உச்சவரம்பு. அமெரிக்காவில் ஐந்நூறு மில்லிகிராம் டைலனாலின் பெட்டி மூன்று கிராமோடு நிறுத்தச் சொல்கிறது. எடை குறைந்தவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், தொடர்ந்து மது அருந்துபவர்களும் அந்த எல்லைக்கு வெகு முன்னதாகவே நிற்க வேண்டும், மருத்துவரையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு ஏன் டோலோர்மின் இல்லை

ஐபுப்ரோஃபெனும் சீட்டில்லா மருந்துதான். பல் வலிக்கும் சுளுக்குக்கும் நன்றாகக் கேட்கும். அது செய்கிற வேலை, புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உடம்பில் உருவாவதைக் குறைப்பது. வலியையும் காய்ச்சலையும் தூண்டுவது இந்தப் பொருள். ஆனால் இதே பொருள் வயிற்றின் உட்சுவரைக் காப்பதும், சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைப்பதும் உண்டு. ஐபுப்ரோஃபெனுக்குக் கெட்டது எது, நல்லது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ரத்தக் கொதிப்புக்கு அம்மா சாப்பிடுவது டெல்மிசார்டனும், சிறுநீரைக் கூட்டி உடம்பின் நீரைக் குறைக்கும் மருந்தும் சேர்ந்த ஒரே மாத்திரை. சிறுநீரகத்தை ஒரு வயலாக நினைத்துக்கொண்டால், நீரைக் குறைக்கும் மருந்து வாய்க்காலில் வரத்தைக் குறைத்துவிடுகிறது. டெல்மிசார்டன் வடிகால் மடையை அகலத் திறக்கிறது. இரண்டும் ரத்தக் கொதிப்புக்கு வேண்டியவை, சாதாரண நாளில் வயல் தாங்கும். காய்ச்சலில் சரியாகத் தண்ணீர் குடிக்காத ஒரு நாளில், ஐபுப்ரோஃபென் வந்து வரத்து மடையையும் பாதி அடைத்தால் வயல் வறண்டுபோகும். ஒரு வேளையில் விபரீதம் நடந்தே தீரும் என்றில்லை. வயதானவர்களுக்குச் சில நாள் தொடர்ந்தால் சிறுநீரகம் திணறலாம். ஜன்னலுக்குப் பின்னால் நின்ற அந்தப் பெண்மணி அட்டையின் படத்தில் படித்தது இதைத்தான்.

ஐபுப்ரோஃபென் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாய்லாந்து, இலங்கை, இந்தோனேசியா போன்ற டெங்கு உள்ள நாடுகளுக்குப் போன இடத்திலோ, போய்த் திரும்பிய சில நாட்களிலோ காய்ச்சல் வந்தால் ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் கூடாது. டெங்குவில் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு, இவை அதைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு, கூடவே ரத்தப் பரிசோதனை.

ஒரு கரண்டி என்பது எவ்வளவு?

குழந்தைகளோடு பயணம் செய்பவர்கள் இந்தப் பகுதியை இரண்டுமுறை படியுங்கள். குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப் ஐந்து மில்லிலிட்டரில் பிரிட்டனின் கைக்குழந்தைக் குப்பியில் 120 மில்லிகிராம், ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குப்பியில் 250. அமெரிக்காவில் 160. நம் ஊரிலும் 120, 250 என இரண்டும் உண்டு. சொட்டு மருந்தோ இன்னும் அடர்த்தியானது. ‘அரைக் கரண்டி கொடுப்பேன்’ என்ற பழக்கம் குப்பி மாறும்போது இரண்டு மடங்காகிவிடலாம். குழந்தைக்கு அளவு எடையைப் பொறுத்தது. எடையைச் சொல்லி, எத்தனை மில்லிகிராம், அது இந்தக் குப்பியில் எத்தனை மில்லிலிட்டர் என்று கேட்டு, பெட்டியின் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வடிவமும் ஏமாற்றும். ஜெர்மனியிலும் பிரான்சிலும் குழந்தைக் காய்ச்சலுக்குத் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் மெழுகு போன்ற மருந்து கொடுப்பது சாதாரணம். அது ஆசனவாயில் வைப்பது. அக்கா மகனுக்காக வாங்கி வைத்திருந்த ஒன்றைப் பிரித்து, “இதை எப்படி விழுங்குவான், தொண்டையில் சிக்காதா?” என்று அம்மா கேட்டபோது வீடே சிரித்தது. பிரான்சில் பெரிய வட்ட மாத்திரை ஒரு குழாயில் வரும். அது தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டியது. நுரை வருவதற்காகச் சேர்த்த உப்பால் ஒரு மாத்திரையில் ஏறத்தாழ 400 மில்லிகிராம் சோடியம் இருக்கும். ரத்தக் கொதிப்புக்காரர்கள் ஊறுகாயைத் தள்ளிவைத்துவிட்டு நாளுக்கு ஆறு முறை இதைக் குடித்தால் என்ன பயன்?

ஜன்னலுக்கு முன்னால் நின்று என்ன சொல்வது

பல நாடுகளில் மருந்தாளுநர் ஆலோசனை சொல்வது அவருடைய வேலையிலேயே அடக்கம். அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. அவர் கேள்வி கேட்டால் சந்தேகப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நோயாளி யார், வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, தினசரி மாத்திரைகள் எவை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கர்ப்பமா அல்லது தாய்ப்பால் கொடுப்பவரா. மொழி தெரியாவிட்டாலும் இவற்றைத் தாளில் எழுதிக் காட்டலாம். மருந்தின் பொதுப்பெயர் ஜப்பானிலும் மருந்தாளுநருக்குப் புரியும்.

மருந்துக் கடையில் தீராதவையும் உண்டு. மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கழுத்தை வளைக்க முடியாத காய்ச்சல், மலத்தில் ரத்தம், மயக்கம் ஆகியவற்றுக்கு மாத்திரை தேடி அலையக் கூடாது, நேராக மருத்துவமனைதான். வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைட் பல நாடுகளில் சீட்டில்லாமல் கிடைக்கும். காய்ச்சலோ ரத்தமோ சேர்ந்திருந்தால் அதைத் தொடாதீர்கள். அப்போது வயிறு வெளியே தள்ளப் பார்ப்பதை உள்ளேயே பூட்டிவைப்பதாகிவிடும். ஓஆர்எஸ் கரைசல் எங்கும் நல்லது.

ஊரிலிருந்து கொண்டுபோவது

இவ்வளவு தொல்லை எதற்கு, ஒரு டப்பா நிறைய எடுத்துப்போய்விடலாமே என்று தோன்றும். பாராசிட்டமாலும் ஓஆர்எஸ்ஸும் வழக்கமான மாத்திரைகளும் என்றால் சரி. ஆனால் அலமாரி மாறுவதுபோல எல்லைச் சோதனையும் மாறும். அபின் வகை வலி மருந்தான டிரமடால், அதே வகைக் கோடீன் கலந்த வலி மாத்திரை, கோடீன் இருமல் மருந்து ஆகியவற்றை முன் அனுமதி இல்லாமல் ஐக்கிய அரபு அமீரகத்துக்குள் கொண்டுபோனால் சிறைவரை போகலாம். சூடோஎஃபெட்ரின் பத்து விழுக்காட்டுக்கு மேல் உள்ள மருந்துக்கு ஜப்பானில் தடை. அமெரிக்காவில் வாங்கிய விக்ஸ் இன்ஹேலருக்கும் அங்கே அனுமதியில்லை, ஏனென்றால் அதில் இருப்பது மெத்தாம்ஃபெட்டமினுக்கு நெருங்கிய உறவான லெவ்மெட்டாம்ஃபெட்டமின். நம் ஊர் விக்ஸ் இன்ஹேலரில் இருப்பதோ கற்பூரமும் மெந்தாலும். மறுபடியும் அம்பி கதைதான்.

கத்தரிக்கோலால் வெட்டிய அட்டையைக் கொண்டுபோகாதீர்கள். பெயரும் காலாவதி மாதமும் பெரும்பாலும் வெட்டுப்பட்ட மறுபாதியில் இருக்கும், கையில் இருப்பது யாரென்று தெரியாத வெள்ளை மாத்திரை. முழு அட்டை, மருத்துவரின் சீட்டு, அதில் பொதுப்பெயர், எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.

அம்மா இந்த முறை கிளம்பும்போது பாஸ்போர்ட் உறைக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருந்தார். அக்கா மகன் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்தில் எழுதியது: நான்கு மாத்திரைகளின் பொதுப்பெயர், மில்லிகிராம், எந்த வேளை. கடைசி வரியில் ‘ஐபுப்ரோஃபென் வேண்டாம்’ என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தான். விமானத்தில் பக்கத்து இருக்கைப் பெண்மணி தலைவலி என்று சொல்லி, அம்மாவிடம் டோலோ இருக்கிறதா என்று கேட்டாராம். “இருக்கிறது. முதலில் நீங்கள் வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சொல்லுங்கள்” என்றிருக்கிறார் அம்மா.